அவர் வாயிலிருந்து ஒரு சொல்

என் அப்பா என்னை ரத்தம் வர அடித்த கடைசி நாளில் எனக்கு இருபத்தொன்பது வயது. வீட்டில் மனைவியும் இரண்டு வயதில் ஒரு பெண்ணும் இருந்தார்கள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு மொத்த வியாபாரம். மல்லி, வற்றல், புளி, பயறு. நாடு சுதந்திரம் வாங்கிய அதே வருஷம். கடைத்தெரு முழுக்க அந்தப் பேச்சுதான். சுதந்திரம் எனக்கு மட்டும் வரவில்லை என்று பின்னாளில் சிநேகிதர்களிடம் கிண்டலாகச் சொல்வேன். அன்று சிரிக்கத் தோன்றவில்லை.

மூட்டைச் சரக்கு வந்து இறங்கினால் குத்தூசி போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முழ நீளத்துக்கு, நடுவில் பள்ளம் விட்ட இரும்பு ஊசி, மரத்தில் பிடி. சாக்கில் குத்தி உருவினால் பள்ளத்தில் கொஞ்சம் சரக்கு வரும். மூட்டையின் வாயருகே குத்தக் கூடாது. விற்கிறவன் நல்ல சரக்கை அங்கேதான் வைத்திருப்பான். அடிமூலையில் குத்த வேண்டும். அன்று மல்லி வந்திருந்தது. பத்து மூட்டை ஒழுங்காகக் குத்தினேன். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போனது. மிச்சத்தை நின்றபடியே வாயருகே குத்திவிட்டு, இறக்கச் சொல்லிவிட்டேன்.

அப்பா வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மூட்டையின் அடியில் குத்தி உருவினார். பூஞ்சை பிடித்துக் கறுத்த மல்லி வந்தது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். முகர்ந்து பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்துக் குனிந்தேன். ஊசியைத் திருப்பிப் பிடித்து மரப்பிடியால் புருவத்தில் அடித்தார். அடுத்த அடி காதோரம் விழுந்தது. மூன்றாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அதற்குள் நான் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தேன்.

“கண்ணு பொட்டையாலே? கல்யாணம் கெட்டிப் பிள்ளையும் பெத்தாச்சு. ஒரு மூட்டை குத்திப் பாக்கத் தெரியல்ல ஒனக்கு,” என்றார். ஊசியைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுக் கல்லாப் பெட்டியடியில் போய் உட்கார்ந்தார். சுமை தூக்குகிறவர்கள் ஆறு பேர் நின்றார்கள். ஐந்து பேர் தெருவைப் பார்த்தார்கள். ஆறாமவன் தன் தலைத்துண்டை அவிழ்த்து என் புருவத்தில் வைத்து அழுத்தினான். “சாரமில்ல மொதலாளி,” என்று மலையாளத்தில் தேற்றினான். அந்த நிலைமையில் அவன் என்னை முதலாளி என்று கூப்பிட்டதுதான் அடியைவிட எரிந்தது.

வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். மனைவி சோற்றைக் கூட்டி அள்ளினாள்.

அப்பாவிடம் அடி வாங்குவது எங்கள் வீட்டில் புதிதல்ல. என் அம்மைக்கு இடது காது கேட்காது. எனக்கு நினைவு தெரியும் முன்பே அவர் அறைந்த அறையில் போன காது அது. வீட்டில் எல்லோரும் அவளுடைய வலது பக்கமாக வந்து நின்று பேசப் பழகியிருந்தோம். அப்பா மட்டும் இடது பக்கம் நின்று பேசுவார். அவள் கேட்கவில்லை என்றால் கத்துவார். அம்மை சாகும்வரை இப்படித்தான். அவளைச் சிதையில் வைத்தபோது அப்பா பேசியது ஒரே வாக்கியம். விறகு ஈரமாயிருக்கிறது என்றார்.

கடையில் அடி வாங்கிய அன்றிலிருந்து எனக்கு ஒரு வெறி பிடித்தது. அவர் சாவதற்குள் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்கிவிட வேண்டும். “தப்பு.” அவ்வளவுதான். நான் உன் அம்மைக்குச் செய்தது தப்பு, உனக்குச் செய்தது தப்பு என்று விரித்துச் சொல்ல வேண்டாம். ஒற்றைச் சொல் போதும். கடையையும் வீட்டையும் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கட்டும். அந்தச் சொல்லை மட்டும் அவர் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது.

மனிதன் வளர்வது இருபத்தைந்தோடு முடிந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். மீசை வரும், குரல் உடையும், கல்யாணம் ஆகும், அத்தோடு ஆள் தயார். பிறகு செத்துப்போகும்வரை அதே ஆள்தான். சுத்த முட்டாள்தனம். முப்பதுக்கு மேல்தான் எனக்குள்ளே என்னென்னவோ முளைத்தது. எல்லாம் நல்ல செடிகள் என்று சொல்ல மாட்டேன்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு காலை. என் மகளுக்கு ஏழு வயது. அப்பாவின் வெற்றிலைச் செல்லத்தைத் தட்டிவிட்டாள். சுண்ணாம்பு அவர் வேட்டியில் கொட்டியது. அவர் கை ஓங்கினார். குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்தேன்.

பிடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்தக் கையில் ஒன்றும் இல்லை. எலும்பும் அதன் மேல் தளர்ந்த தோலும்தான். முப்பத்து நாலு வருஷமாக நான் நடுங்கிய கை என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. பலம் ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளிடம் போய்ச் சேரும் நாளைப் பஞ்சாங்கத்தில் போடுவதில்லை. அது எப்போதோ என்னிடம் வந்துவிட்டிருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. கையை முறுக்கினேன். அவர் முட்டி மடங்கித் தரையில் உட்கார்ந்தார். அப்போதும் முறுக்கினேன்.

“சொல்லுங்க, தப்புன்னு சொல்லுங்க,” என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. சொல்லவில்லை. என் மனைவி ஓடிவந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. சோறு வேண்டும் என்றாலும் மருந்து வேண்டும் என்றாலும் மருமகளிடம் சொல்வார். கடைக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். உள்ளதைச் சொல்கிறேன், அந்த முதல் ஒரு மாசம் எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. பெட்டியடியில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டேன். குழந்தையைக் காப்பாற்றினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். முறுக்கியதைச் சொல்லவில்லை.

பிறகு என் குரல் மாறியது. வேலைக்காரர்களைக் கூப்பிடும்போது என் தொண்டையிலிருந்து அவர் குரல் வந்தது. ஒரு நாள் பயறு மூட்டை ஒன்று சுமைகாரன் தோளிலிருந்து நழுவி விழுந்து பிரிந்தது. நான் எழுந்து போய் அவன் கன்னத்தில் அறைந்தேன். என் புருவத்தில் துண்டு வைத்து அழுத்தினானே, அதே ஆள். அவன் பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை. முண்டாசைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். மற்ற ஐந்து பேரும் இறங்கினார்கள். காலம் மாறியிருந்தது; சாலைத் தெருவில் அவர்களுக்குச் சங்கம் வந்திருந்தது. இரண்டு நாள் என் கடை மூட்டையைத் தொட ஒரு கை இல்லை. மூன்றாம் நாள் தெருவில் இறங்கி, நாலு கடைக்காரர்கள் பார்க்க, அவன் முன்னால் நின்று, “தெத்து பற்றிப் போயி, க்ஷமிக்கணும்,” என்று அவன் பாஷையிலேயே தப்புக்கு மன்னிப்புக் கேட்டேன்.

அவன், “மதி, மதி,” என்று, போதும் என்கிற மாதிரி கை காட்டிவிட்டு மூட்டையைத் தூக்கினான். அவ்வளவுதான் விஷயம். நாக்கு அறுந்து விழவில்லை. மீசை உதிரவில்லை. இத்தனை லேசான காரியத்தை இந்த மனுஷன் ஏன் அறுபத்தாறு வயது வரை செய்யாமல் இருக்கிறார் என்று எனக்கு அவர் மேல் ஆத்திரம் இரட்டிப்பானது. நான் யாரை அறைந்தேன் என்பது மறந்துவிட்டது. அந்த வயதில் நம்முடைய குற்றம்கூட அடுத்தவனைக் குற்றம் சொல்லத்தான் பயன்படுகிறது, எனக்காவது அப்படித்தான் இருந்தது.

இன்னும் மூன்று வருஷம் போனது. ஒரு காலை அப்பா பல் தேய்க்கப் போன இடத்தில் விழுந்தார். வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறியது, சில சொற்கள் வரும், சில வராது. ஆசுபத்திரியில் இருபது நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். அடித்த கைதான் போனது என்று தெருவில் ஒரு ஆள் என் காதில் சொன்னான். நான் அவனைக் கண்டிக்கவில்லை.

கஞ்சி கொடுப்பதும் துணி மாற்றுவதும் மனைவி செய்தாள். தூக்கிக் குளிப்பாட்டுவது என் வேலை. மதியம் கடையைச் சாத்திவிட்டு வருவேன். அவள் மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோவாள். அந்த முக்கால் மணி நேரம் வீட்டில் அவரும் நானும் மட்டும்.

முதல் சில நாள் ஒழுங்காகத்தான் செய்தேன். வெந்நீர் வைத்து, உட்காரவைத்து, முதுகு தேய்த்து, பவுடர் போட்டு. தேய்த்துக்கொண்டே கேட்பேன்.

“அம்மைக்குக் காது எதுனால போச்சு? சொல்லுங்க.”

சுவரைப் பார்ப்பார். வாய் திறக்காது. வெந்நீர் வேண்டும் என்றால் “வெந்நி” என்று வரும். மகளைக் கண்டால் “பிள்ள” என்று வரும். நான் கேட்கிறதற்கு மட்டும் வராது. நோயால் வரவில்லையா, திமிரால் வரவில்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. திமிர் என்றே வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வதுதான் எனக்குத் தோதாக இருந்தது.

ஒரு மதியம் கஞ்சியைக் கொஞ்சம் நானே கொடுத்தேன். வாயில் வாங்கி என் முகத்தில் துப்பினார். இருமலாகவும் இருக்கலாம். நான் அவருடைய வலது தொடையில் ஓங்கி அறைந்தேன். அந்தப் பக்கத்துக்குத்தான் உணர்ச்சி கிடையாதே, அடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். ஒரு வாரம் அந்தப் பக்கமே அடித்தேன். அதில் எனக்கு நிறைவு வரவில்லை. பிறகு இடது பக்கம் போனேன்.

எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மேல்கையின் உட்புறத்தில், துண்டு போட்டால் தெரியாத இடத்தில், சதையைப் பிடித்துத் திருகுவேன். “சொல்லுங்க,” என்று தொடங்குவேன். அது “சொல்லும்” ஆகும். அதுவும் போய், “சொல்லுலே,” என்பேன். பெற்ற அப்பனை. அவர் “ஆ… ஆ…” என்பார். தெருவில் வண்டிச் சத்தத்தில் அது வெளியே கேட்காது. அவள் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் துண்டை இழுத்துவிட்டுப் பவுடர் போடுவேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது முடியப்போகிறது. கோயிலுக்குப் போவேன், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பேன். கடைத்தெருவில் என்னை நல்ல மகன் என்றார்கள். கிடையில் கிடக்கிற அப்பனைத் தன் கையால் குளிப்பாட்டுகிறானே என்று என்னை உதாரணம் காட்டித் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள்.

ஒரு நாள் காலையில் மனைவி அவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கியபோது நீலம் பாரித்துக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். நான் அறை வாசலில் நின்றேன். அவள் அந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“படுத்துக் கெடந்தா இப்படி ஆகும்,” என்றேன்.

“ம்,” என்றாள். விளக்கெண்ணெய் எடுத்துத் தடவினாள். “நாளைலேருந்து பிள்ளைக்குச் சோத்தை ஆள்கிட்ட குடுத்துவிடுதேன். குளிப்பாட்ட நானும் கூட நிக்கேன்,” என்றாள்.

மூன்று வாரம் அவள் கூட நின்றாள். நான் தொடவில்லை. பிறகு அந்த ஆள் நின்றுபோனான். அவள் மறுபடியும் சோறு கொண்டுபோக வேண்டி வந்தது. முதல் நாள் சும்மா இருந்தேன். இரண்டாம் நாளும் இருந்தேன். மூன்றாம் நாள் அவர் என்னைப் பார்த்த பார்வையில் பழைய அப்பா தெரிந்தார். தெரிந்ததாக நான்தான் நினைத்துக்கொண்டேனோ என்னவோ. திருகினேன்.

அந்த வருஷம் ஆவணியில் அவருக்குச் சோறும் கஞ்சியும் நின்றது. துளித் தண்ணீர் மட்டும் இறங்கியது. வைத்தியர் வந்து நாடி பிடித்துவிட்டு, “இனி ஒண்ணும் செய்யானில்ல. இன்னைக்கு, இல்லெங்கில் நாளைக்கு,” என்று சொல்லிப் போனார். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். எங்களுக்கு நாஞ்சில் நாட்டுப் பக்கம். அந்தத் தாலுகாக்கள் எல்லாம் இன்னும் இரண்டு மாசத்தில் மதராஸ் ராஜ்யத்தோடு சேரப்போகின்றன. வந்தவர்கள் சாவு வீட்டுக்கு வந்தது மறந்து அதையே பேசினார்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, வந்ததும் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்களில் அன்று அழுதது அவள் ஒருத்திதான்.

இன்று நாளை என்றது ஏழு நாள் ஆயிற்று. உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தது. அத்தை அந்த நாட்களில் எனக்குத் தெரியாத கதை ஒன்று சொன்னாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் சொத்து மகனுக்கு வராது, தங்கை மகனுக்குப் போகும். அதனால் அப்பாவைச் சிறு வயதிலேயே தாய்மாமன் வீட்டில் விட்டார்கள். மாமன் அவரை வண்டிச் சாட்டையால் அடிப்பாராம். அடித்த பிறகு, அடித்ததற்கு நன்றி சொல்லிக் காலில் விழவேண்டுமாம். பதினேழாவது வயதில் அப்பா சொத்தும் வேண்டாம் சுகமும் வேண்டாம் என்று திருவனந்தபுரத்துக்கு ஓடிவந்தார்.

இதைக் கேட்டு எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. வலி தெரிந்த ஆள்தானே, தெரிந்தேதானே செய்திருக்கிறார் என்று கோபம்தான் ஏறியது. அதே கேள்வியை என்னிடம் திருப்பிக் கேட்டுக்கொள்ள எனக்கு மூளை போகவில்லை. இப்போது அவர் இறந்த வயதை நான் தாண்டிவிட்டேன், இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஏழாம் நாள் அத்தை ஒன்றைக் கவனித்தாள். நான் அறைக்குள் வந்தால் அப்பாவின் கண் என் மேல் வந்து நிற்கிறது. நான் ஜன்னல் பக்கம் போனால் அங்கே வருகிறது. வெளியே போனால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வேறு யார் வந்தாலும் போனாலும் அந்தக் கண் அசைவதில்லை.

“மக்கா, கண்ணைப் பாத்தியா? நீ போற பக்கமெல்லாம் போவுது,” என்று அத்தை தழுதழுத்தாள். “ஒம்மேல உள்ள ஆசையாக்கும் உசிரைப் புடிச்சு நிறுத்தியிருக்கு. நீ இஞ்சயே இரி. தலைமாட்டை விட்டு நகராத.”

எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒரு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி அடுக்களை வாசலில் நின்றாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் அந்தக் கண்ணின் அர்த்தம் தெரியும். தெரிந்தே தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன். இரண்டு நாள் அவர் தலைக்கு மேலே என் முகம் இருக்கும்படி உட்காரவைத்தார்கள். அவர் இமைகூட மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அப்படியும் உயிர் பிரியவில்லை. அப்போது அத்தைதான் மண்ணாசை என்றாள். எங்கள் பக்கத்தில் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால், ஆசைப்பட்ட பொருளைக் கரைத்து வாயில் விடுவார்கள். அவரவர் வயல் மண்ணைப் பாலில் கரைத்து மூத்த மகன் கையால் விட்டால் நிம்மதியாகப் போய்விடும் என்பார்கள். ஊரில் அப்பா பிற்பாடு வாங்கிப்போட்ட ஒரு துண்டு வயல் எங்களுக்கு இருந்தது. அத்தை மகன் காலை முதல் பஸ்ஸில் போய், மறுநாள் காலை ஒரு ஓலைக்கொட்டானில் மண் கொண்டுவந்தான்.

அத்தை ஒரு சிட்டிகை மண்ணைப் பாலில் கரைத்தாள். பாலாடைச் சங்கில் ஊற்றி என் கையில் தந்தாள். அறை நிறைய ஆள். பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“ஆசை ஒண்ணும் பாக்கி வைக்காண்டாம் அண்ணே. ஒம்ம பிள்ளை கையால குடியும்,” என்றாள் அத்தை.

நான் இடது கையை அவர் கழுத்துக்கு அடியில் கொடுத்துத் தலையைத் தூக்கினேன். வலது கையில் பாலாடையைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன்.

நாலு நாளாக அசையாமல் கிடந்த அவருடைய இடது கை எழுந்தது. எழுந்து வந்து முகத்தை மறைத்துக்கொண்டது. பாலாடை தட்டுப்பட்டு மண் கலந்த பால் அவர் நெஞ்சில் கொட்டியது. அந்தக் கைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. விழுந்த நாளிலிருந்து அத்தனை தெளிவாக அவர் பேசியதில்லை.

“தப்பு,” என்றார். “தப்பு மக்கா. தப்பு. அடிக்காத.”

என்னை அவர் மக்கா என்று கூப்பிட்டதே கிடையாது.

 அத்தை என் கையிலிருந்து பாலாடையை வாங்கிக் கீழே வைத்தாள். அண்ணன் மேல் கிடந்த துண்டை விலக்கினாள். தூக்கியிருந்த கையை மெல்லத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தாள். பழைய மஞ்சளும் ஆறாத நீலமுமாக அங்கே என் விரல் பட்ட இடமெல்லாம் கிடந்தது. சுவரோரம் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவள் துண்டை மறுபடி போட்டாள். “நீ எந்திரி,” என்று என்னிடம் சொன்னாள். எழுந்தேன். என் இடத்தில் அவள் உட்கார்ந்து அண்ணன் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லண்ணே. ஒருத்தரும் அடிக்க மாட்டாவ. நான் இருக்கேம்லா,” என்று சொல்லிச் சொல்லி, மிச்சப் பாலை அவளே துளித்துளியாக விட்டாள். அவர் கண் என்னை விட்டு அவள் முகத்துக்குப் போனது. சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார்.

நான் கேட்ட சொல் எனக்குக் கிடைத்துவிட்டது. ஒன்றுக்கு மூன்று தடவையாகக் கிடைத்தது. அம்மைக்காக அவர் அதைச் சொல்லவில்லை. எனக்காகவும் சொல்லவில்லை. அடி தாங்க முடியாதவன் அடிக்கிறவனிடம் சொல்லும் தப்பு அது. என்ன தப்பு என்று சொல்கிறவனுக்கே தெரியாது. இனி அவர் மனசறிந்து அதைச் சொல்ல வழியில்லாதபடி நானே செய்துவிட்டேன். அந்த அறையில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழ உரிமை இல்லை என்று தோன்றியது, அதனால் அழவில்லை.

மகன் என்பதால் கொள்ளி வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. வாய்க்கரிசி போடும்போது எனக்கு முன்னால் நின்றவர்கள் வழி விட்டு விலகினார்கள், கொஞ்சம் அதிகமாகவே விலகினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை ஊருக்குப் புறப்பட்டாள். என் மகளைக் கட்டிக்கொண்டாள், என் மனைவியிடம் சொல்லிக்கொண்டாள். என்னிடம் சொல்லவில்லை. அவள் செத்தபோது எனக்குத் தகவல்கூட வரவில்லை.

எல்லோரும் போன பிறகு வீடு காலியாகக் கிடந்தது. மனைவி முற்றத்தில் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் எதிரே நின்றேன். பதினாறு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“நீ அண்ணைக்கே பாத்தேல்லா? அத்தை வந்து பத்து நாளு இருந்தா. ஏன் அவகிட்ட ஒண்ணும் சொல்லல்ல?”

“பயந்துதான்,” என்றாள்.

“யாருக்கு? அப்பாவா எந்திரிச்சு வந்து அடிக்கப் போறாரு?”

“ஒங்களுக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. “ஒன்னைய நான் ஒரு நாளாவது கை நீட்டி அடிச்சிருக்கேனா? சொல்லு,” என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அவள் கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

“இதுவரைக்கும் இல்ல,” என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். நான் நடைவாசலில் நின்றேன். இரண்டு பேர் தாராளமாகப் போகக்கூடிய நடை அது. என்னைத் தாண்டும் இடத்தில் அவள் தோளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, என் கை எட்டாத தூரமாகப் பார்த்துப் போனாள். பழகிப்போன நடையாக இருந்தது. எத்தனை வருஷமாக அப்படிப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.